பன்பாயில் ஒரு பாடம்

வசந்தம் என்ற சொல்லை நமது மாணவிகள் கவிதைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். பனி உருகுவதும் பட்ட மரம் துளிர்ப்பதும் குளிர் நாட்டு வசந்தம். தமிழ் நூல்கள் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று வகுத்தன. ஆனால் சம்மாந்துறையில் வைகாசி மாதத்து நண்பகலில் வெளியே நின்று பார்த்தவர் எவரும் அந்த 'இள' என்ற அடைமொழியைத் தயங்காமல் சொல்லமாட்டார். நமது ஊரின் வசந்தத்தைக் காண வேண்டுமானால் வட்டைப் பக்கம் பார்க்க வேண்டும். ஐப்பசியில் வலுக்கும் வடகீழ்ப் பருவமழை தை மாதமளவில் தணிகிறது. மாசி, பங்குனியில் பெரும்போக வெள்ளாமை வெட்டு. அது முடிந்து, சிறுபோகத்துக்காக வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை ஓர் இடைவெளி இருக்கிறது. குளங்களில் தண்ணீர் இருக்கும். வீட்டில் நெல் இருக்கும். வெயில் இருந்தாலும் இன்னும் கொடுமையாகியிராது. கைகளுக்குக் கொஞ்சம் ஓய்வும் கிடைக்கும்.

அந்த ஓய்வில்தான் இந்தக் கரையின் கலைகள் வளர்ந்தன. மட்டக்களப்புத் தமிழ்க் கிராமங்களில் கோலடித்து ஆடும் ஓர் ஆடலுக்கு வசந்தன் என்றே பெயர். அதன் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் 1940ஆம் ஆண்டில் தொகுத்து நூலாக வெளியிட்டார். நமது ஊர்களில் ஆண்கள் களிகம்பு அடித்தார்கள். பெண்கள் பாய் இழைத்தார்கள். களிகம்பைக் கலை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பாயை யாரும் அப்படிச் சொல்லவில்லை, அது வீட்டு வேலை. இக்கட்டுரை அந்த வேலையைப் பற்றியது.

பன்

பன் என்பது கோரைக் குடும்பத்துத் தாவரம். குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தண்ணீர் தேங்கும் பள்ளக் காணிகளிலும் வளரும். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். வீட்டு வாசலில் முளைத்திருக்கும் கோரை ஒன்றின் தண்டை இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டுங்கள். புல்லின் தண்டு உருண்டு போகும். கோரையின் தண்டு பெரும்பாலும் உருளாது, அதற்கு மூன்று விளிம்பு. அறுத்துப் பார்த்தால் உள்ளே பஞ்சுபோன்ற சதை தெரியும். அந்தச் சதைக்குள் காற்று நிறைய இருக்கிறது. வெள்ளத்தில் நிற்கும் செடி மூச்சுவிடுவதற்காக வைத்திருக்கும் ஏற்பாடு அது. அதே ஏற்பாடுதான் நாம் படுக்கும்போது பாயை மெதுவாகவும், சூடு பிடிக்காததாகவும் ஆக்குகிறது.

பன்னை அறுத்து வெயிலில் போட்டால் தண்டு சுருங்கித் தட்டையாகும். பச்சை நிறம் போய் வைக்கோல் நிறம் வரும். மழை ஓய்ந்த இந்த மாதங்கள் அதற்குப் பொருத்தமானவை. ஈரம் விடாத பன்னைக் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். காய்ந்ததை நீளத்துக்கும் தடிப்புக்கும் ஏற்பத் தரம் பிரிப்பார்கள். ஒரு பங்கைச் சாயத்தில் அவித்தெடுப்பார்கள். இழைக்க எடுக்கும்போது தண்ணீர் தெளித்துக் கொஞ்சம் பதப்படுத்தினால் முறியாமல் வளையும்.

சாயம் இப்போது கடையில் பக்கற்றாகக் கிடைக்கிறது. அதற்கு முன் செடிகளிலிருந்துதான் எடுத்தார்கள். மஞ்சளைக் கொண்டு ஒரு பரிசோதனை வீட்டிலேயே செய்யலாம். பன் துண்டுகள் சிலவற்றை மஞ்சள் தண்ணீரில் அவித்துக் காயவையுங்கள். ஒன்றைச் சுண்ணாம்புத் தண்ணீரில் தோய்த்தால் சிவந்துவிடும். மஞ்சள் காரத்தைக் காட்டும் ஒரு காட்டி என்பதை இரசாயனப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இன்னொன்றை இரண்டு கிழமை வெயிலில் வைத்துவிடுங்கள். நிறம் வெளிறிப் போயிருக்கும். மஞ்சள் உடனே பிடிக்கும், வெளிச்சத்தில் நில்லாது. சாயம் கழுவலில் போகாமல் பிடித்து நிற்பதற்குப் படிகாரம் சேர்த்து அவிப்பார்கள். இதையெல்லாம் பள்ளிக்கூடம் போகாத பெண்கள் எந்தக் கொப்பியும் இல்லாமல் செய்துவந்தார்கள் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கல்முனையைத் தாண்டினால் மருதமுனை. அங்கே சாரனும் சேலையும் நெய்யத் தறி இருக்கிறது. தறி பாவு நூலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஊடை நூல் குறுக்கே ஓடும். நமது பன்பாய்க்குத் தறி இல்லை. நிலமும் கையும் மட்டும்தான். இழைத்த பகுதியின் மேலேயே குந்தியிருந்து, தன் உடம்பின் பாரத்தால் பாயைப் பிடித்துக்கொண்டு, இழைக்காத பக்கத்தை நோக்கிப் பெண் நகர்ந்துகொண்டே போவாள். பாய் வளர வளர அவளது இருக்கையும் வளரும்.

'இழைத்தல்' என்ற சொல்லையும் இங்கே கவனிக்கலாம். இழை என்றால் நூல், இழை என்றால் அணிகலன். தவறு செய்வதைக்கூடத் தவறிழைத்தல் என்கிறோம். நூல் என்பது துணி தைக்கும் நூலையும் படிக்கும் நூலையும் குறிக்கிறது. நன்னூலில் பவணந்தி முனிவர் பஞ்சிலிருந்து இழை நூற்பதையும் சொல்லிலிருந்து நூல் செய்வதையும் ஒப்பிட்டுக் காட்டுகிறார். தமிழ் இலக்கியம் படிக்கிற பிள்ளைக்கும் பாய் இழைக்கிற பிள்ளைக்கும் இடையில் நாம் போட்டிருக்கும் வேலியைத் தமிழ் மொழி போடவில்லை.

ஒற்றையும் இரட்டையும்

பாயின் கணக்கை வாசித்து விளங்க முடியாது. செய்துதான் பார்க்க வேண்டும். பன் கிடைக்காவிட்டால் கடதாசி போதும். சிவப்பு, வெள்ளை என இரண்டு நிறப் பிரிஸ்டல் போட் வாங்குங்கள். அடிமட்டத்தை வைத்து ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் கீற்றுகளாக வெட்டுங்கள். எட்டுக் கீற்றுகளை மேசையில் நெடுக்காக, சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மாறி மாறி அடுக்கி, மேல் நுனியை ஒட்டிவிடுங்கள். இடது ஓரத்தில் சிவப்பு இருக்கட்டும்.

இப்போது குறுக்கே ஒரு சிவப்புக் கீற்றை எடுத்து, முதலாவது நெடுக்குக் கீற்றுக்குக் கீழே, இரண்டாவதற்கு மேலே, மூன்றாவதற்குக் கீழே என்று கோத்துக்கொண்டு போங்கள். அடுத்ததாக வெள்ளைக் கீற்று. இதை முதலாவதற்கு மேலே, இரண்டாவதற்குக் கீழே என்று மாற்றிக் கோக்க வேண்டும். மூன்றாவது மீண்டும் சிவப்பு, முதல் வரிசையைப் போல. இரண்டு நிறத்தையும் இப்படி மாறி மாறிக் கலந்தால் என்ன கிடைக்கும்? சதுரங்கப் பலகை கிடைக்கும் என்றுதான் அநேகமாக எல்லோரும் சொல்வார்கள். சதுரங்கம் வராது. குறுக்கே ஒரு முழுச் சிவப்புக் கோடு, அதன் கீழே ஒரு முழு வெள்ளைக் கோடு, மறுபடி சிவப்பு என்று நேரான பட்டைகள் வரும்.

அதைக் கழற்றிவிட்டு மறுபடி கோத்துப் பாருங்கள். எல்லாம் முன்னைப் போலவே, ஒன்றைத் தவிர. குறுக்கே போகும் முதல் கீற்று இம்முறை வெள்ளையாக இருக்கட்டும். பட்டைகள் எழுந்து நின்றுவிடும். முன்பு குறுக்காகக் கிடந்த கோடுகள் இப்போது நெடுக்காக நிற்கும்.

ஏன்? நெடுக்குக் கீற்றுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என எண் இடுங்கள். குறுக்குக் கீற்றுகளுக்கும் அவ்வாறே இடுங்கள். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை இரட்டையாக வரும் கட்டங்களில் நெடுக்குக் கீற்று மேலே தெரிகிறது. ஒற்றையாக வரும் கட்டங்களில் குறுக்குக் கீற்று மேலே தெரிகிறது. முதல் அடுக்கில் ஒற்றை எண் கீற்றுகள் இரு திசையிலும் சிவப்பு. ஆகவே ஒற்றை வரிசை ஒன்றில் எந்தக் கட்டத்தில் நின்று பார்த்தாலும், மேலே தெரிவது நெடுக்கோ குறுக்கோ, அது சிவப்பாகவே இருக்கும். இரண்டாவது அடுக்கில் குறுக்குக் கீற்றுகளின் நிறம் ஓர் எண் தள்ளிப் போகிறது. அதோடு வரிசைகள் செய்த வேலையை நிரல்கள் செய்யத் தொடங்குகின்றன. சதுரக் கொப்பியில் 64 கட்டங்களையும் நிறமிட்டுச் சரிபார்க்கலாம். தரம் 8 பிள்ளைக்கு இது போதுமான கணிதம். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பிள்ளை இதையே குறியீட்டில் நிறுவலாம்.

பாய் இழைப்பவர் இதையெல்லாம் கூட்டிப் பார்ப்பதில்லை. கோடு குறுக்காக ஓடிக்கொண்டிருக்கும்போது ஓரிடத்தில் ஒரே நிறப் பன்னை அடுத்தடுத்து இரண்டு வைத்துவிட்டால் அங்கிருந்து கோடு திரும்பி நெடுக்காகிவிடும் என்பது அவரது விரலுக்குத் தெரியும். எங்கே திருப்புவது, எத்தனைக்குப் பிறகு திருப்புவது என்பதில்தான் அவரது கற்பனை இருக்கிறது. இரண்டுக்கு மேலே, இரண்டுக்குக் கீழே என்று கோத்து, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளினால் சாய்கோடு பிறக்கும். சில வரிசைக்குப் பின் இடப்பக்கம் தள்ளத் தொடங்கினால் அது வளைந்து அலையாகும். நெடுக்கிலும் அதேபோலத் திருப்பம் வைத்தால் நடுவில் வைரக் கட்டம் வந்து உட்காரும். மேலே, கீழே என்ற இரண்டே இரண்டு தீர்மானங்களிலிருந்து இத்தனையும் வருகின்றன.

கீழும் மேலும் என்ற இந்த இரண்டு தீர்மானங்களைத்தான் 1804இல் பிரான்சில் ஜக்கார்ட் தனது தறிக்காக அட்டையில் துளையாகவும் துளையின்மையாகவும் பதிந்தார். அந்த அட்டையைப் பார்த்தே இங்கிலாந்தில் பாபேஜ் தனது கணிக்கும் இயந்திரத்துக்குக் கட்டளையிடும் வழியைக் கண்டார். அவ்வியந்திரத்தை 1843இல் விளக்கி எழுதிய ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணி அதைத் தறியோடுதான் ஒப்பிட்டார். கணினியின் 0, 1 என்ற கதைக்கு இந்தப் பக்கத்திலும் ஒரு வேர் உண்டு. இன்னொரு செய்தி: தளம் ஒன்றில் ஒரு கோலத்தைத் திரும்பத் திரும்ப வைத்து நிரப்பும்போது அமையக்கூடிய சமச்சீர் வகைகள் சரியாக 17 மட்டுமே என்பதை ரஷ்யரான ஃபெதரோவ் 1891இல் நிறுவினார். நமது வீட்டில் சுருட்டி வைத்திருக்கும் பாய் அந்த 17இல் எந்த வகை என்று தேடுவது நல்லதொரு செயற்றிட்டமாக அமையும்.

பிழை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கட்டம் தவறினால் அது உடனே தெரிவதில்லை. நாலைந்து வரிசை போன பிறகு கோலம் கோணிக்கொண்டு நிற்கும். அப்போது பிரித்தே ஆகவேண்டும். பாயை ஏமாற்ற முடியாது. பரீட்சைத் தாளில் ஓரிரு புள்ளி இழப்பதோடு தப்பிவிடலாம், பாயில் தப்ப முடியாது.

மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது

இன்று கைவேலை என்றால் வெற்றுப் போத்தலில் மணி ஒட்டுவதும், கடையில் வாங்கிய பூப் பக்கற்றைப் பிரித்துச் சட்டத்தில் வைப்பதும் என்றாகியிருக்கிறது. கைபேசியில் பார்த்து அரைமணித்தியாலத்தில் முடித்துவிடலாம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. விடுமுறைக்கு அது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அதில் கிடைக்கும் சந்தோசம் ஏன் மறுநாளே தீர்ந்துவிடுகிறது என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். எனக்குத் தோன்றும் காரணம் இது: அந்தப் பொருளில் தீர்மானிக்க வேண்டியவற்றை எல்லாம் வேறு யாரோ முன்பே தீர்மானித்துவிட்டார்கள். நமக்கு மிஞ்சியது ஒட்டுவது மட்டும். பன்னில் அப்படியில்லை. ஒவ்வொரு தண்டும் ஒவ்வொரு தடிப்பு. ஒன்று வளையும், ஒன்று முறியும். சாயம் ஒன்றில் ஆழமாகவும் இன்னொன்றில் மேலோட்டமாகவும் பிடித்திருக்கும். கோலத்தை மனதில் வைத்துக்கொண்டு, கையில் உள்ள பொருளோடு ஒவ்வொரு நிமிடமும் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சுத்தான் மகிழ்ச்சி. முடிந்த பாயைப் பார்ப்பது அதற்குப் பிறகு வருவது.

தனியே இருந்து செய்யும்போது இது மௌனமான மகிழ்ச்சி. நாலு பேர் கூடியிருந்தால் பேச்சும் சிரிப்பும் கவியும் சேர்ந்துகொள்ளும். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் தொகுத்த கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கிராமியக் கவிகளை வாசிக்கும் பிள்ளைகள், இவற்றைப் பாடியவர்களின் கைகள் அந்நேரம் சும்மா இருந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கட்டும்.

ஜோன் ரஸ்கின் என்ற ஆங்கில அறிஞர் 1849இல் வெளியிட்ட கட்டடக்கலை நூலில், ஓர் அலங்காரத்தைப் பார்த்தால் அதைச் செதுக்கியவன் செதுக்கும்போது மகிழ்ச்சியாக இருந்தானா என்று கேட்க வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். அவரது வழியில் வந்தவர்களுள் ஒருவர் நமது நாட்டவர். கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி படிப்பால் மண்ணியல் அறிஞர். கனியங்களைத் தேடிக் கண்டி நாட்டுக் கிராமங்களில் அலைந்தவர், அங்கே தச்சரையும் கொல்லரையும் பாய் நெய்வோரையும் கண்டார். அவர்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1908இல் வெளிவந்தது. கைவினையைப் பற்றிய நூல் கைவினையாகவே இருக்கட்டும் என்று அதை இங்கிலாந்தில் கையச்சில் அச்சிட்டார். ஓராண்டுக்கு மேல் அவரே அருகிருந்து பார்த்துக்கொண்டார். பிரதிகள் 425 மட்டுமே.

நமது மார்க்கத்தில் இதற்கு இன்னும் பழைய ஆதாரங்கள் இருக்கின்றன. தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மிருதுவாக்கிக் கொடுத்ததையும், போர்க்கவசம் செய்யும்போது அதன் கண்ணிகளை அளவாகக் கோக்குமாறு பணித்ததையும் ஸபஃ அத்தியாயத்தில் ஓதுகிறோம். நபி ஒருவருக்கு வந்த கட்டளையில் அளவு பற்றிய பேச்சும் இருக்கிறது. கைத்தொழிலைச் சிறுமையாக எண்ணுகிறவர்கள் அந்த வசனத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவை எவரும் உண்டதில்லை என்று கூறிய நபி (ஸல்) அவர்கள் தாவூத் (அலை) அவர்களையே உதாரணம் காட்டினார்கள் என்பது புகாரியில் பதிவான செய்தி.

பெண் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமான செய்தி அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களைப் பற்றியது. தமது மனைவியருள் நீண்ட கையுடையவரே தமக்குப் பின் முதலில் தம்மை வந்தடைவார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அன்னையர் தங்கள் கைகளை அளந்து பார்த்தார்கள். முதலில் மறைந்தவர் ஸைனப் (ரழி). நீண்ட கை என்பது உடலின் அளவைக் குறிக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியதாக அன்னை ஆயிஷா (ரழி) அறிவிக்கிறார்கள். ஸைனப் (ரழி) தமது கையால் வேலை செய்து, அதன் வருவாயைத் தர்மம் செய்துவந்தார்கள். தோலைப் பதனிடுவதும் தைப்பதும் அவர்களது தொழில். பாயும் நமது வரலாற்றில் அந்நியமானதன்று. நபி (ஸல்) அவர்களின் விலாவில் பாயின் தடம் பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரழி) அவர்கள் அழுததையும், ஈச்ச ஓலையால் பின்னிய சிறு விரிப்பில் நபியவர்கள் தொழுததையும் ஹதீஸ்களில் வாசிக்கிறோம்.

விலை

ரஸ்கினின் கேள்வி அழகானது. ஆனால் அது வாங்குகிறவர் பக்கத்திலிருந்து கேட்ட கேள்வி. இழைத்தவரிடம் கேட்டால் அவர் முதலில் விலையைத்தான் பேசுவார். பேச வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்காக மட்டும். ஒரு பாய்க்கு நாளுக்கு 5 மணித்தியாலப்படி 4 நாள் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 மணித்தியாலம். பாய் 2000 ரூபாவுக்கு விற்கிறது. பன்னுக்கும் சாயத்துக்கும் 800 ரூபா போனால் மிச்சம் 1200. ஒரு மணித்தியாலத்துக்கு 60 ரூபா. பன் அறுத்த நேரமும் காயவைத்த நேரமும் இதில் சேரவில்லை. வீட்டில் உண்மையான எண்களைக் கேட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வர்த்தகப் பிரிவு மாணவிகளுக்கு உற்பத்திச் செலவு பற்றிய பாடம் இதைவிடத் தெளிவாக எங்கும் கிடைக்காது. 'வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில்தானே இழைக்கிறீர்கள், மகிழ்ச்சியாகத்தானே செய்கிறீர்கள்' என்று சொல்லி விலையைக் குறைப்பவர்களும் உண்டு. மகிழ்ச்சியைக் கூலிக் கணக்கில் கழித்துக்கொள்வது அநீதி. வைத்தியரும் ஆசிரியரும் மகிழ்ச்சியோடு வேலை செய்தால் அவர்களது சம்பளத்தை யாரும் குறைப்பதில்லை.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. 'நான் பாய் இழைத்துத்தான் உன்னைப் படிக்க வைக்கிறேன், நீ அதில் கைவைக்கக் கூடாது' என்று சொன்ன உம்மாமார் இந்தக் கரையில் பலர். அந்தச் சொல்லில் நியாயம் இருக்கிறது. முதுகு நொந்து, விரல் நொந்து, வியாபாரி சொன்ன விலைக்கு விற்றவருக்கு மகள் அந்த வாழ்க்கைக்குத் திரும்பக் கூடாது என்று தோன்றுவது இயல்பு. பாயை வாழ்வாதாரமாக எடுத்துக்கொள் என்று எந்தப் பிள்ளைக்கும் இக்கட்டுரை சொல்லவில்லை. ஆனால் வறுமையை வெறுக்கப் போய் அறிவையும் சேர்த்து வெறுத்துவிடுகிறோம். ஒற்றை இரட்டைக் கணக்கு, சாயத்தின் இரசாயனம், பன்னின் சுபாவம் எல்லாம் அந்த உம்மாவின் கையில் இருக்கின்றன. மகள் பல்கலைக்கழகம் போகலாம். போகும்போது உம்மாவின் கைக் கணக்கையும் தெரிந்துகொண்டு போனால் எதுவும் கெட்டுப்போகாது. படிப்பு நேரம் வீணாகிறது என்று அஞ்சுவோருக்கு: மேலே சொன்ன கடதாசிப் பாடத்தை ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம்.

வெளியில் என்ன நடந்திருக்கிறது என்றும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் திருநெல்வேலிக்கு அருகில் பத்தமடை என்ற ஊர். தாமிரபரணிக் கரைக் கோரையைத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய கீற்றாகக் கிழித்து, பருத்தி நூலைப் பாவாக வைத்து அங்கே பாய் நெய்கிறார்கள். மிக நுண்ணியதைப் பட்டுப்பாய் என்பார்கள். துணியைப் போல மடிக்கலாம். நெய்கிறவர்கள் அவ்வூர் முஸ்லிம்கள், பெரும்பாலும் பெண்கள். அந்தப் பாய் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அதாவது வேறெங்கும் நெய்ததைப் பத்தமடைப் பாய் என்று விற்கச் சட்டம் இடங்கொடாது. நமது நாட்டிலேயே தும்பறைப் பாய் இருக்கிறது. நாரில் நெய்வது. பழைய கண்டிச் சமூகத்தில் மிகக் கீழே வைக்கப்பட்டிருந்த மக்களின் கைத்திறன் அது. 2021இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இரண்டுக்கும் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, எழுதி வைத்த பதிவு இருக்கிறது. நமது பன்பாயின் கோலங்களுக்கு மூத்தம்மாமார் வாயில் பெயர்கள் இருக்கின்றன, கொப்பியில் இல்லை.

பிளாஸ்டிக் பாய் வந்ததால் பன்பாய் போயிற்று என்பது பாதி உண்மை. பிளாஸ்டிக் பாய் நனையாது, கழுவலாம், விலையும் மலிவு. மறுபாதி பன்னைப் பற்றியது. பள்ளக் காணிகள் மண் போட்டு நிரப்பப்படுகின்றன. குளங்களில் ஆற்றுவாழையும் சல்வீனியாவும் பரவுகின்றன. பன் இல்லாமல் பாய் இல்லை. கல்யாண வீட்டில் சஹனுக்கும், ஜனாஸா வீட்டில் வந்தோர் இருப்பதற்கும், முற்றத்தில் நெல் காயவைப்பதற்கும் ஒரு காலத்தில் விரித்த பாய்கள் எல்லாம் இந்தக் குளக்கரைகளிலிருந்து வந்தவை.

வரும் தவணை விடுமுறையில் ஒவ்வொரு மாணவியும் ஒரு பாயைப் பற்றி எழுதலாம். மூத்தம்மாவோ, மாமியோ, பக்கத்து வீட்டு ராத்தாவோ, யாராவது ஒருவர் அறிந்திருப்பார். பாயின் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். கோலத்தைச் சதுரக் கொப்பியில் கட்டம் கட்டமாக எண்ணி வரையுங்கள், ஒரு கோலம் மறுபடி தொடங்கும் இடம்வரை வரைந்தால் போதும். கோலத்தின் பெயரை அவர் உச்சரிக்கிறபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பன் எந்தக் குளத்தில் அறுத்தது, இப்போதும் அங்கே பன் இருக்கிறதா, சாயம் எது, எத்தனை நாள் சென்றது, என்ன விலைக்குப் போனது, யாரிடம் பழகினார் என்று கேளுங்கள். பெயர் போடலாமா என்று அவரிடம் அனுமதி பெறுங்கள். பிறகு பத்து வரிசையாவது அவர் பக்கத்தில் இருந்து இழைத்துப் பாருங்கள். விளிம்பு மடிப்பதை மட்டும் அவரையே செய்யச் சொல்லி நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், எழுத்தில் சொல்லிக்கொடுக்க முடியாத பகுதி அதுதான்.